தோலாவதா, வாயாவதா? வைட்டமின் ஏ-யைப் புரிந்துகொண்டு பயன்படுத்துவது எப்படி

வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினால் சீரமோ ட்ரெட்டினாய்ன் கிரீமோ வாங்கித் தடவ ஆரம்பிக்கிற பலர் இரண்டாவது வாரமே அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். முகம் எரிகிறது, மூக்கின் ஓரம் செதில் செதிலாக உரிகிறது, உதட்டு முனை வெடிக்கிறது, சரி, நமக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் இதற்கு நேர் எதிர். உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்பி, எரிய எரிய இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பூசுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே விஷயத்தைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. வைட்டமின் ஏ தோலுக்குப் போடும் உரம் என்று நினைக்கிறோம், உண்மையில் அது செல்லுக்குப் போகும் உத்தரவு. நீ வளர்ந்து காய்ந்த தோலாக வேண்டுமா, ஈரமான உட்சவ்வாக வேண்டுமா என்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இது மனதில் பதிந்துவிட்டால் எவ்வளவு தடவுவது, எங்கே தடவக் கூடாது, வாய்க்குள் வெள்ளைத் திட்டு தெரிந்தால் என்ன செய்வது எல்லாமே தானாகப் பிடிபடும். அதனால் முதலில் கொஞ்சம் செல்களைப் பார்த்துவிடுவோம், அப்புறம் டியூபைத் திறக்கலாம்.

முதலில் கண்ணால் பாருங்கள்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை லேசாக உருட்டி எடுங்கள், சுரண்ட வேண்டாம். கண்ணாடித் தகட்டில் தேய்த்து, உலர்ந்ததும் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம், மேலே மெல்லிய கண்ணாடி. இன்னொரு தகட்டுக்கு, ஒளி ஊடுருவும் ஒட்டு நாடாவை முன்கையில் அழுத்தி எடுத்து, அதில் ஒட்டி வந்ததை அதே சாயத்தில் பாருங்கள்.

கன்னத்துச் செல் பெரிதாக, மெல்லிய அப்பளம் போல ஓரம் மடிந்து கிடக்கும், நடுவில் நீலப் பொட்டு மாதிரி உட்கரு தெளிவாகத் தெரியும். கையிலிருந்து வந்த செதிலில் அந்தப் பொட்டு இருக்காது. வெறும் தகடு. நான் இதை முதல்முறை பார்த்தபோது சாயம் சரியாக ஏறவில்லை என்று நினைத்து மூன்று தகடு வீணாக்கினேன். தவறு சாயத்தில் இல்லை. அந்தச் செல் மேலே ஏறி வரும் வழியிலேயே தன் உட்கருவைக் கரைத்துவிட்டு, உள்ளே முழுக்க கெரட்டின் என்ற கெட்டியான புரத இழைகளை அடைத்துக்கொண்டு, தடித்த புரத உறை போட்டுக்கொண்டு, செத்துப்போய் நமக்குக் கவசமாகியிருக்கிறது.

இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான். அடி வரிசையில் இருக்கும்போது இரண்டுமே கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற அதே ஜோடியைத்தான் செய்கின்றன. மேலே ஏறத் தொடங்கும்போது வழி பிரிகிறது. தோலில் இருப்பது கெரட்டின் 1, 10 என்ற ஜோடிக்கு மாறும், அப்புறம் லோரிக்ரின், ஃபிலாக்ரின் போன்ற புரதங்களைச் சேர்த்துக்கொண்டு காய்ந்துவிடும். கன்னத்தின் உட்புறத்தில் இருப்பது கெரட்டின் 4, 13 ஜோடிக்கு மாறி, உட்கருவோடும் ஈரத்தோடும் மேலே வந்து உதிரும். வாய் முழுக்க ஒரே மாதிரி என்றும் நினைக்காதீர்கள். கடிக்கும்போது உராய்வு தாங்க வேண்டிய ஈறும் மேலண்ணத்தின் கெட்டியான பகுதியும் கெரட்டின் கட்டியவை, கன்னம், உதட்டின் உட்புறம், நாக்குக்கு அடிப்பகுதி ஆகியவை கட்டாதவை. நாக்கின் நுனியால் மேலண்ணத்தையும் கன்னத்தையும் மாறி மாறித் தடவினால் அந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

உத்தரவு எப்படிப் போகிறது

1925-இல் வோல்பாக், ஹவ் என்ற இருவர் வைட்டமின் ஏ இல்லாத உணவு கொடுத்து எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மூச்சுக்குழல், உமிழ்நீர்ச் சுரப்பி, கண், சிறுநீர்ப் பாதை என்று ஈரமாக இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் அந்த மென்மையான சவ்வு போய், தோல் மாதிரி கெரட்டின் கட்டிய அடுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. 1953-இல் ஃபெல், மெல்லன்பி இருவரும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்கள். கோழிக் கருவின் தோலை எடுத்து, வைட்டமின் ஏ மிகுதியாகக் கலந்த ஊடகத்தில், அதாவது செல்களை வளர்க்கும் சத்துக் கலவையில், வளர்த்தார்கள். தோலாக வேண்டியது சளி சுரக்கும் சவ்வாக மாறியது! அதையே மறுபடி சாதாரண ஊடகத்துக்கு மாற்றினால், அடியிலிருந்து எழும் புதிய செல்கள் திரும்பவும் கெரட்டின் கட்டின. இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள், கீழே வாய்த் திட்டு பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

மனிதச் செல்லில் இதைத் துல்லியமாகக் காட்டியது 1981-இல் ஃபுக்ஸ், கிரீன் இருவரின் வேலை. வளர்ப்பு ஊடகத்திலிருந்து வைட்டமின் ஏ-யை நீக்கியதும் தோல் செல்கள் முதிர்ந்த தோலுக்கே உரிய பெரிய கெரட்டினைச் செய்யத் தொடங்கின, ஒன்றோடொன்று இறுகப் பற்றிக்கொண்டன, மேலே உள்ள செதில்கள் உதிர்வதே நின்றுபோனது. வைட்டமின் ஏ-யைத் திரும்பச் சேர்த்தபோது எல்லாம் தலைகீழ். பிடி தளர்ந்தது, செதில் உதிர்ந்தது. உங்கள் மூக்கோரம் உரிவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அது அழுக்கு வெளியேறுவதும் இல்லை, தோல் வெந்துபோனதும் இல்லை. செல்களுக்கு இடையிலுள்ள பிடி தளர்கிறது, அவ்வளவுதான்.

உயிருள்ள தோலில் இன்னொன்றும் சேர்ந்து நடக்கும். ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து, பட்டதும் மேல் அடுக்குச் செல்கள் ஒரு வளர்ச்சித் தூண்டியைச் சுரந்து அடி வரிசையைப் பெருகச் சொல்லும். அதனால் உயிருள்ள அடுக்கு தடிக்கும், மேலே உள்ள செத்த கவச அடுக்கு மெலிந்து இறுகும். தோலை ரெட்டினாய்டு மெலிய வைத்துவிடும் என்ற பயம் இந்த இரண்டு அடுக்கையும் குழப்பிக்கொண்டதால் வந்தது.

உத்தரவு செல்லுக்குள் போகும் வழி இது. வைட்டமின் ஏ-யின் சேமிப்பு வடிவமான ரெட்டினைல் எஸ்டர் ரெட்டினாலாக மாறும், ரெட்டினால் ரெட்டினால்டிஹைடாக, அது ரெட்டினாயிக் அமிலமாக. கடைசிப் படி மட்டும் ஒருவழிப் பாதை, அமிலம் திரும்ப வராது. இந்த அமிலம்தான் உட்கருவுக்குள் போய், 1987-இல் அடையாளம் காணப்பட்ட ரெட்டினாயிக் அமில ஏற்பிகளோடு (உத்தரவை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) சேர்ந்து மரபணுக்களைத் திறக்கவோ மூடவோ செய்கிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதியும் செல்லுக்குள்ளேயே தயாராக இருக்கிறது. ட்ரெட்டினாய்ன் என்பது இந்த ரெட்டினாயிக் அமிலமேதான். ரெட்டினால் இரண்டு படி தள்ளி நிற்கிறது, ரெட்டினைல் பால்மிடேட் என்ற எஸ்டர் மூன்று படி. படி கூடக் கூட எரிச்சலும் குறையும், பலனும் குறையும். அடாப்பலீன் உடலில் இல்லாத, செயற்கையாகச் செய்த மூலக்கூறு, ஆனால் தோலில் அதிகம் இருக்கிற ஏற்பி வகையை நேராகப் பிடிக்கும்.

எதை எடுப்பது, எப்படித் தடவுவது

முகப்பருதான் பிரச்சினை என்றால் அடாப்பலீன் 0.1 சதவீதத்தில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. பருவுக்கு மூலகாரணம் மயிர்க்கால் துளையின் உட்சுவர் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைத்துக்கொள்வது. ரெட்டினாய்டு அந்தப் பிடியைத்தான் தளர்த்துகிறது. வெயிலால் வந்த சுருக்கமும் கரும்புள்ளியும் என்றால் ட்ரெட்டினாய்ன் 0.025 சதவீதம், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. எரிச்சல் தாங்காத தோல் என்றால் ரெட்டினால் போதும், பொறுமை மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும். எடுத்த எடுப்பில் 0.1 சதவீத ட்ரெட்டினாய்ன் வாங்காதீர்கள். ஏற்பிகள் நிரம்பிய பிறகு மிச்சம் இருப்பது எரிச்சலுக்குத்தான் உதவும்.

இரவில், முகம் கழுவி, தோல் முழுக்க உலர்ந்த பிறகு தடவுங்கள். இருபது நிமிடம் பொறுப்பது நல்லது, ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கும். அளவு ஒரு பட்டாணி. முழு முகத்துக்கும் அவ்வளவுதான். விரல் நுனியில் அந்தப் பட்டாணியை எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று நான்கு பொட்டாக வைத்து அங்கிருந்து வெளிநோக்கிப் பரப்புங்கள். பரு இருக்கும் இடத்தில் மட்டும் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வரப்போகிற பருவின் அடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்திலேயே தொடங்கியிருக்கும்.

வாய் முனை, மூக்கு மடிப்பு, கண்ணோரம் இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். தடவும் முன்பே அங்கெல்லாம் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி வைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. காரணம் இருக்கிறது. உதட்டின் சிவந்த பகுதி, தோலுக்கும் வாய்ச் சவ்வுக்கும் இடைப்பட்ட எல்லைநிலம். கவச அடுக்கு அங்கே ஏற்கெனவே மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. மெல்லிய கவசத்தை இன்னும் மெலியச் சொன்னால் வெடிக்காமல் என்ன செய்யும்? எனக்கு முதல் மாதத்தில் வலது வாய் முனையில் ஒரு சின்ன வெடிப்பு வந்து, கொட்டாவி விட்டால் ரத்தம் கசிந்தது. நான் அங்கே தடவவே இல்லை. தடவிய கன்னத்திலிருந்து தூக்கத்தில் நகர்ந்து வந்திருக்கிறது. ஜெல்லியை ஒரு வரம்பு மாதிரி வைக்க ஆரம்பித்த பிறகு நின்றது.

முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு முறை, அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்கினால் அப்புறம் தினமும். எரிந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் பூசி அதன்மேல் மருந்து தடவுங்கள். அதுவும் எரிந்தால் அரை மணி நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள், வேலை நடக்கும். சிதைக்கும் நொதி இருக்கிறது என்றேனே, தொடர்ந்து தடவும்போது செல் அதை அதிகமாகச் செய்து தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் எரிச்சல் அடங்கும். அதற்கு அவகாசம் கொடுக்காமல் அளவை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

பென்சாயில் பெராக்சைடும் ட்ரெட்டினாய்னும் ஒரே நேரத்தில் வேண்டாம், பழைய ட்ரெட்டினாய்ன் தயாரிப்புகளை அது ஆக்சிகரணம் செய்து வீணாக்கிவிடும். அடாப்பலீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ட்ரெட்டினாய்ன் வெளிச்சத்திலும் சிதையும், இரவில் தடவச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

பலன் எப்போது? அடி வரிசையில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உத்தரவு போனது அடி வரிசைக்கு, நாம் பார்ப்பதோ மேல் வரிசை. அதனால் 12 வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் சில வாரங்களில் பரு கொஞ்சம் கூடுவதும் நடக்கும்.

மாத்திரையாகப் போகும்போது

கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ரெட்டினாய்டு மாத்திரையான ஐசோட்ரெட்டினாய்ன் சாப்பிடுகிறவர்களுக்கு உதடு காய்வது அநேகமாக எல்லோருக்கும் வரும். மூக்கின் உட்சவ்வு காய்ந்து ரத்தம் வரலாம், கண் உறுத்தலாம். மருந்து ரத்தம் வழியாக எல்லா மேல்சவ்வுக்கும் போவதால் முகத்தை மட்டும் குறி வைக்க முடியாது. உதட்டுக்கு நறுமணம் இல்லாத கெட்டியான களிம்பை முதல் நாளிலிருந்தே போடுங்கள், வெடித்த பிறகு தேடாதீர்கள். நாக்கால் உதட்டை நனைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் பாதியளவு கூட உடலில் சேராமல் போகலாம். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கோடு சேர்க்கக் கூடாது, மண்டைக்குள் அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு. தனியாக வைட்டமின் ஏ மாத்திரையும் கூடாது.

கர்ப்பம் விஷயத்தில் எந்தத் தளர்வும் இல்லை. செல் என்னவாக வேண்டும் என்று சொல்லும் மூலக்கூறு, உறுப்புகள் உருவாகிற கருவுக்குள் தவறான அளவில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முகம், இதயம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம். ஐசோட்ரெட்டினாய்னை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் அசிட்ரெட்டினுக்கு மூன்று வருடம், ஏனென்றால் மதுவோடு சேர்ந்தால் அது உடலில் நெடுநாள் தங்கும் இன்னொரு பொருளாக மாறும். அதே காலக்கெடு ரத்த தானத்துக்கும் உண்டு, நீங்கள் கொடுத்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். தடவும் கிரீம்களையும் கர்ப்ப காலத்தில் நிறுத்திவிடுவதே வழக்கம்.

சத்து மாத்திரையாக நிறைய சாப்பிட்டால் தோல் பளபளக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1597-இல் ஆர்க்டிக்கில் சிக்கிய, கடலோடி பேரன்ட்ஸின் டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலைத் தின்றார்கள். எல்லோரும் படுத்துவிட்டார்கள், மூன்று பேருக்குத் தலையிலிருந்து கால்வரை தோல் உரிந்தது. கரடி ஈரலில் வைட்டமின் ஏ மலைபோல இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் தேவை ஆணுக்கு 900, பெண்ணுக்கு 700 மைக்ரோகிராம், ரெட்டினாலாக எடுப்பதன் மேல்வரம்பு 3000. புகைபிடிக்கிறவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையையும் தொடக் கூடாது, 1990-களில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அது நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது.

குறைந்தாலும் சிக்கல்தான். முழங்கை, தொடைப் பக்கம் மயிர்க்கால்தோறும் கெட்டியான முள்முள்ளான புடைப்பு, மங்கலான வெளிச்சத்தில் கண் தெரியாமல் தடுமாறுவது, கண்ணின் வெள்ளையில் நுரை மாதிரித் திட்டு, இவை சேர்ந்து வந்தால் அழகுக் கிரீமைத் தேடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கண் சவ்வும் தோலாக மாறத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வாய்க்குள் வெள்ளைத் திட்டு இருந்தால்

கன்னத்தின் உட்புறம் கெரட்டின் கட்டக் கூடாத இடம் என்று பார்த்தோம். அங்கே கட்டினால் ஈரத்தில் ஊறி வெள்ளையாகத் தெரியும். பல் தொடர்ந்து உரசினாலும் அப்படி ஆகும், புகையிலையாலும் ஆகும், வேறு காரணம் எதுவும் பொருந்தாத, தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டாகவும் இருக்கலாம். அதற்குத்தான் லியூகோபிளாக்கியா என்று பெயர். அதில் ஒரு பகுதி பின்னாளில் புற்றுநோயாக மாறும்.

அப்படியானால் வைட்டமின் ஏ கொடுத்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், மருத்துவர்களுக்கும் தோன்றியது. 1986-இல் வெளியான ஒரு ஆய்வில் 44 பேருக்கு மூன்று மாதம் ஐசோட்ரெட்டினாய்னோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்த 24 பேரில் 16 பேருக்குத் திட்டு பெரிய அளவில் சுருங்கியது, வெற்று மாத்திரைப் பக்கம் 20-இல் 2 பேருக்குத்தான். ஆனால் மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. கோழிக் கருவின் தோல் நினைவிருக்கிறதா? உத்தரவு நின்றதும் அடியிலிருந்து வருகிற புதிய செல் பழைய வழிக்கே போகிறது. அடிச் செல்லின் மரபணுவில் ஏற்பட்ட கோளாறை ரெட்டினாய்டு துடைப்பதில்லை, மேலே தெரியும் வெள்ளையைத்தான் மறைக்கிறது. திட்டு போனதால் புற்றுநோயும் தடுக்கப்பட்டது என்று அதன்பின் வந்த ஆய்வுகளாலும் நிரூபிக்க முடியவில்லை.

அதனால் முகத்துக்கு வாங்கிய கிரீமை வாய்த் திட்டில் தடவிப் பார்க்காதீர்கள். அது வெள்ளையை மங்க வைத்து, பார்க்க வேண்டியவர் பார்ப்பதற்கு முன்பே அடையாளத்தை அழித்துவிடலாம். செய்ய வேண்டியது வேறு. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் விலக்கி இரண்டு பக்கமும், அப்புறம் நாக்கைத் தூக்கி அடிப்பக்கமும், நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும் பாருங்கள். திட்டைச் சுத்தமான துணியால் மெல்லத் துடையுங்கள். தயிர் மாதிரி வழிந்து வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். வரவில்லை என்றால் போனில் ஒரு படம், பக்கத்தில் தேதி. புகையிலையை அன்றே நிறுத்துங்கள், கூரான பல் உரசினால் பல் மருத்துவரிடம் தேய்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தை அதே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். அப்படியே இருந்தால் வாய் நோய் மருத்துவரிடம் போய்ச் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நடுவில் சிவப்பு கலந்திருந்தால், தொட்டால் கெட்டியாக இருந்தால், புண் ஆகியிருந்தால் அல்லது நாக்கின் ஓரத்திலோ அடியிலோ இருந்தால் அந்த இரண்டு வாரமும் வேண்டாம், உடனே போங்கள். வைட்டமின் ஏ மாத்திரையோ ரெட்டினாய்டோ எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாளாக, எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.